மூன்றாவது கியர்பாக்ஸும் போன பிறகு: 1999–2004 ஒடிசி வேன், ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சிக்னலில் இருந்து கிளம்பி, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறுகிற இடத்தில் என்ஜின் மட்டும் ஒரு நொடி கத்தும், வண்டி அதற்கேற்ற மாதிரி ஓடாது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு தள்ளு. பின்சீட்டில் பிள்ளைகள் குதிக்கிறார்கள் போல என்று விட்டுவிடலாம். சில வாரம் கழித்து டாஷ்போர்டில் 'டி' விளக்கு மினுக்கும், கூடவே என்ஜின் விளக்கும் எரியும். டீலரிடம் போனால் கியர்பாக்ஸ் போச்சு என்று சொல்லி வேறு ஒன்று வைத்துத் தருவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போகும். இன்னொன்று வைப்பார்கள். அது போகிற நேரத்தில் வாரண்டி முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரைக்குமான ஹோண்டா ஒடிசி வாங்கிய ஏராளமான குடும்பங்கள் இந்தப் பாதையில் ஏதாவது ஒரு கட்டம் வரை நடந்திருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரும்பத் திரும்பப் போவது ஏன் என்று படிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே பெயரில் ஓடிய வண்டிக்குள் இரண்டு வேறு கியர்பாக்ஸ்கள், இரண்டுக்கும் இரண்டு வேறு வியாதிகள், இரண்டுக்கும் கம்பெனி செய்த வைத்தியமும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் "ஒடிசி கியர்பாக்ஸ் மோசம்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறோம், அதனால்தான் மாற்றிய பெட்டியும் ஏன் போனது என்று புரிவதில்லை.

இந்த வண்டி நம் ஆட்களுக்கு அந்நியமும் இல்லை. அமெரிக்காவில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தை வரைக்கும் அக்கார்ட், கேம்ரி. இரண்டாவது பிறந்து, ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க டிக்கெட் போட்டதும் ஒடிசியா டொயோட்டா சியன்னாவா என்கிற பேச்சு தொடங்கிவிடும். ஜூலை மாத வெயிலில், ஏழு பேர், பெட்டிகள், ஐஸ் பெட்டி, புளியோதரை டப்பா எல்லாம் ஏற்றிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து பென்சில்வேனியா மலை மேட்டில் ஏறி பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிற அந்தப் பயணம் இருக்கிறதே, ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வைக்க முடியாது. எடை, மேடு, வெயில் மூன்றும் சேர்ந்தால் சூடு. இந்தக் கதையில் கடைசி வரை கூடவே வரப்போவது அந்தச் சூடுதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். முதல் ஒடிசி நாலு சிலிண்டர் என்ஜினும் சாதாரணக் கார் கதவும் கொண்ட சின்ன வண்டி, அமெரிக்காவில் அவ்வளவாக எடுபடவில்லை. 1999 மாடலாக வந்த இரண்டாவது ஒடிசிதான் உண்மையான வேன்: சறுக்குக் கதவுகள், தரைக்குள் மடிந்து மறையும் மூன்றாவது வரிசை, 3.5 லிட்டர் வி6 என்ஜின், 210 குதிரைத்திறன். 2002 மாடலில் என்ஜினை 240 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டி வைத்தார்கள். ஆக, 1999 முதல் 2001 வரை ஒன்று, 2002 முதல் 2004 வரை இன்னொன்று. பழைய ஒடிசி ஒன்றைப் பார்க்கும்போது முதலில் மாடல் வருஷத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக் மற்ற கம்பெனிகளின் ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்காது. மற்றவர்கள் பெரும்பாலும் நடுவில் ஒரு சூரியன், சுற்றிலும் கோள்கள் என்று சுழலும் பல்சக்கரத் தொகுதிகளை வைப்பார்கள். ஹோண்டா வெகுகாலமாக மேனுவல் கியர்பாக்ஸைப் போலவே இணையான தண்டுகளில் ஜோடி ஜோடியாகப் பல்சக்கரங்களை அடுக்கி, அந்தந்த கியருக்கு ஒரு கிளட்ச் அடுக்கு வைத்து, ஆயில் அழுத்தத்தால் அதை இறுக்கியும் தளர்த்தியும் கியர் மாற்றும் முறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்க எளிமையான, உறுதியான அமைப்பு. ஆனால் எல்லாப் பாரமும் ஆயிலின் தலையில். கிளட்சை அழுத்துவதும் ஆயில், பல்லுக்கு வழவழப்புத் தருவதும் ஆயில், சூட்டை வெளியே எடுத்துப் போவதும் அதே ஆயில்தான். எங்காவது ஒரு மூலைக்கு அது போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்றால் அந்த மூலை மட்டும் தனியாக வெந்துபோகும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்.

இதோடு எடையையும் சேருங்கள். இதே வகைக் கியர்பாக்ஸ்கள்தான் ஹோண்டாவின் வி6 அக்கார்டிலும் இருந்தன. ஆட்கள் ஏறுமுன்பே ஒடிசி அக்கார்டைவிட ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு, அதாவது 450 கிலோ அதிகம். செடானுக்குத் தைத்த சட்டையை வேனுக்குப் போட்டார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, அக்கார்டிலும், ஹோண்டா தன் அக்யூரா பிராண்டில் விற்ற டிஎல் காரிலும் இதே கோளாறுகள் வந்தன. ஆனாலும் வேனில்தான் அதிகமாக வலித்தது, ஏனென்றால் வேனைத்தான் எல்லோரும் நிரப்பி ஓட்டுகிறார்கள்.

முதல் வியாதி, நாலு கியர் பெட்டியுடையது. உள்ளே ஒரு பேரிங் உடைந்து, அதன் உலோகத் துணுக்குகள் ஆயிலோடு சுற்றி, நுண்ணிய ஆயில் வழிகளை அடைத்துவிடும். வழி அடைந்தால் கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் தாமதமாகவும் குறைவாகவும் போகும், கிளட்ச் முழுதாக இறுகாமல் வழுக்கும், வழுக்கினால் அதன் உராய்வுப் பூச்சு தேய்ந்து பொடியாகும், அந்தப் பொடியும் ஆயிலில் கலந்து மிச்சமிருக்கும் வழிகளையும் அடைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்று. இந்தப் பெட்டியின் உள் ஃபில்டரை வெளியிலிருந்து கழற்றவும் முடியாது, பெட்டியையே இறக்கிப் பிரித்தால்தான் உண்டு. 60,000 மைலில் ஃபில்டர் மாற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இரண்டாவது வியாதி, ஐந்து கியர் பெட்டியுடையது, இதுதான் பயங்கரமானது. இரண்டாவது கியரின் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்துக்குப் போதிய ஆயில் போகவில்லை. சில ஓட்டும் நிலைமைகளில் அங்கே சூடு தேங்கும். பல்சக்கரத்தின் எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கித்தான் செய்கிறார்கள். திரும்ப அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தக் கடினம் போய்விடும், எஃகின் நிறமே மாறிவிடும், கொல்லர் பட்டறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு பல் ஓரம் பெயரும், ஒரு நாள் உடையும். உடைந்த பல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் மாட்டினால் கியர்பாக்ஸ் அப்படியே இறுகிப் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில், குடும்பத்தோடு போகும்போது, முன்சக்கரங்கள் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சட்ட வித்தியாசம்தான் பலருக்குக் கடைசி வரை புரியவில்லை, கோபமும் அங்கேதான். முதல் வியாதியில் வண்டி மெதுவாகச் செத்துப்போகும், ஆனால் அதைப் பாதுகாப்புக் கோளாறாக அறிவிக்கவில்லை. எனவே கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும் ரீகால் இல்லை, வாரண்டி நீட்டிப்பு மட்டும்: 2002 வாக்கில் 1999–2001 ஒடிசி கியர்பாக்ஸுக்கு 7 ஆண்டு அல்லது 100,000 மைல் என்று நீட்டினார்கள், பிறகு வாடிக்கையாளர்கள் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கின் தீர்வில் அது 93 மாதம் அல்லது 109,000 மைல் ஆனது, எது முதலில் வருகிறதோ அது. இரண்டாவதில் உயிர் ஆபத்து இருக்கிறது, அதனால் 2004 ஏப்ரலில் ரீகால் வந்தது. ஒடிசி 2002–2004, பைலட் 2003–2004, வி6 அக்கார்ட் 2003–2004, அக்யூராவில் எம்டிஎக்ஸ், டிஎல், சிஎல் என்று மொத்தம் சுமார் 11 லட்சம் வண்டிகள்.

ரீகாலில் செய்த வேலை சுவாரசியமானது. 15,000 மைலுக்குள் ஓடிய வண்டி என்றால் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலிருந்து அது திரும்பி வரும் குழாயில் சின்ன மாற்றம் செய்து, குளிர்ந்த ஆயில் இரண்டாவது கியர் மேல் கூடுதலாகப் படும்படி வைத்தார்கள். ஒரு ஆயில் ஜெட், அவ்வளவுதான். 15,000 மைல் தாண்டிய வண்டியில் முதலில் உள்ளே சின்னக் கேமராவை விட்டு அந்தப் பல்சக்கரத்தின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். மாறியிருந்தால் பெட்டியை மாற்றினார்கள், மாறாவிட்டால் அதே ஜெட்டை வைத்து அனுப்பினார்கள். கோடிக்கணக்கில் செலவாகியிருக்க வேண்டிய ஒரு கோளாறை ஒரு குழாய் மாற்றத்தில் அடக்கியதைப் பொறியியல் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம், கணக்குப்பிள்ளை கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது. ஆனால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: அந்த ஜெட் இரண்டாவது கியர் பல்லைத்தான் காப்பாற்றும். தேய்ந்துபோன மூன்றாவது கிளட்சையோ, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் குலுங்குவதையோ அது ஒன்றும் செய்யாது. "ரீகால் முடிச்சாச்சே, மறுபடி ஏன் போச்சு" என்பதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி, மாற்றுகிற வேலையில். வாரண்டியில் டீலர் வைத்த பெட்டி பெரும்பாலும் புத்தம் புதியது கிடையாது, வேறொரு வண்டியிலிருந்து வந்த பெட்டியைத் தொழிற்சாலையில் பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கட்டியது. வடிவமைப்பு அதேதான். அதில் எந்த அளவு திருத்தப்பட்ட பாகங்கள் போனது என்பது அந்தப் பெட்டி எப்போது கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது, வாடிக்கையாளருக்கு அதை யாரும் சொன்னதில்லை. இன்னொரு கசப்பு, புதிதாக வைத்த பெட்டிக்குப் புதிதாக ஏழு வருஷம் கிடையாது. கடிகாரம் வண்டி முதன்முதலில் விற்ற நாளிலிருந்தே ஓடியது. 80,000 மைலில் மாற்றிய பெட்டி 120,000 மைலில் போனால் அது வாங்கியவர் பாடு.

வெளிக்கடைகளில் மாற்றும்போது நடப்பது வேறு. பழைய பெட்டி செத்தபோது அதன் துணுக்கும் பொடியும் பெட்டிக்குள் மட்டும் நிற்பதில்லை. ரேடியேட்டருக்குப் போகும் குழாய், அங்கிருக்கும் ஆயில் கூலர், டார்க் கன்வெர்ட்டர் என்று எல்லா இடத்திலும் தங்கியிருக்கும். கூலரைக் கழுவாமல், கன்வெர்ட்டரை மாற்றாமல் நல்ல பெட்டியை வைத்து ஸ்டார்ட் செய்தால், முதல் நிமிடத்திலேயே பழைய பெட்டியின் சாம்பல் புதுப் பெட்டிக்குள் போகும். கன்வெர்ட்டர் வெல்டு செய்து மூடிய உருண்டை, வெளியிலிருந்து கழுவிச் சுத்தம் பண்ணுவது நடக்காத காரியம். பழைய பெட்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டும் ரீபில்ட் செலவு மூவாயிரம் நாலாயிரம் டாலர் என்று போகும்போது, சில நூறு டாலரை மிச்சம் பிடிக்க யாராவது பழைய கன்வெர்ட்டரையே திருப்பி மாட்டினால், மூன்றாவது கியர்பாக்ஸுக்கு அன்றைக்கே தேதி குறித்தாயிற்று.

ஆயிலும் ஒரு காரணம். இந்த வண்டிகளுக்கு ஹோண்டா சொன்னது ஏடிஎஃப் இசட்1 என்ற தன் சொந்தக் கியர்பாக்ஸ் ஆயில், பிற்பாடு அதன் இடத்தில் டிடபிள்யூ1 வந்தது. தப்பான ஆயில் பெட்டியைக் கெடுக்கும் என்கிற பாடத்தைப் பத்து வருஷம் முன்பே கிரைஸ்லர் வேன்கள் கற்றுக்கொடுத்திருந்தன. 1989 மாடலில் வந்த ஏ604, அல்ட்ராடிரைவ் என்று பெயர், முழுக்கக் கம்ப்யூட்டர் ஓட்டும் நாலு கியர் பெட்டி. அதற்கென்றே தனி ஆயில் தேவைப்பட்டது, ஆனால் கையேடு, கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் டெக்ஸ்ரான் என்ற ஆயிலையும் ஊற்றலாம் என்றது. ஊற்றினார்கள். குலுங்கியது, தேய்ந்தது, மாற்றினார்கள், மறுபடி டெக்ஸ்ரானையே ஊற்றினார்கள். இன்னொன்று, ஏதாவது சென்சார் கோளாறு என்றாலும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் காப்பாற்ற இரண்டாவது கியரிலேயே பூட்டி வைத்துவிடும், அதைப் பார்த்து கியர்பாக்ஸ் போச்சு என்று நினைத்து நல்ல பெட்டிகளையும் இறக்கினார்கள். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை, அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெட்டியை யாரும் பார்த்ததில்லை.

சரி, ஒடிசிக்கு வருவோம். 'டி' மினுக்குகிறது, என்ன செய்வது? முதலில் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை, அதாவது 'கோட்' என்பதை, படிக்க வேண்டும், "கியர்பாக்ஸ் கோட்" என்று சொன்னால் போதாது, எண் வேண்டும். இந்த வண்டியில் பி0740 என்றால் கன்வெர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் லாக்கப் சமாச்சாரம், பி0730 என்றால் கியர் மாற்றும் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. அடுத்து ஆயில். தரை மட்டமான இடத்தில், சூடான வண்டியை அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போதே பார்க்கிற வழக்கம் மற்ற வண்டிகளுக்கு, ஹோண்டாவுக்கு இல்லை. அப்படிப் பார்த்துத் தப்பான அளவுக்கு ஊற்றியவர்கள் உண்டு. சிவப்பாக இருந்தால் நிம்மதி, பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. கீழே ஆயிலை இறக்கும் போல்ட்டில் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி நைசான சாந்து ஒட்டியிருப்பது சாதாரணம். சில்லு சில்லாக விரலில் குத்துகிற உலோகம் இருந்தால் ஆயில் மாற்றிப் பிரயோஜனமில்லை.

ஆயில் மாற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போல்ட்டைத் திறந்தால் எல்லா ஆயிலும் வராது, கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிறைய நின்றுவிடும். ஒரு தடவைக்கு நாற்பது சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழசு 60 சதவீதம் மிச்சம், இரண்டாம் முறைக்குப் பிறகு 36, மூன்றாம் முறைக்குப் பிறகு 22. அதனால்தான் ஊற்று, எல்லா கியரிலும் கொஞ்சம் ஓட்டு, இறக்கு, மறுபடி ஊற்று என்று மூன்று தடவை செய்கிறார்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவித் தருகிறேன் என்றால் இந்தப் பெட்டிக்கு வேண்டாம் என்பேன், அடங்கிக் கிடக்கும் குப்பையைக் கிளப்பி வழிகளுக்குள் தள்ளுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

அப்புறம் வெளியில் மாட்டியிருக்கும் சின்னச் சாமான்கள். ஐந்து கியர் பெட்டியில் மூன்றாவது, நாலாவது கிளட்ச்களின் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச்கள் வெளியிலேயே இருக்கின்றன, பெட்டியை இறக்காமல் மாற்றலாம். அவை கெட்டால் கம்ப்யூட்டர் கியரை முரட்டுத்தனமாக மாற்றும். அழுத்தத்தை ஆளும் சொலினாய்டு என்ற மின்சார வால்வுகளும் வெளிப்பக்கம்தான். இன்னும் கேளுங்கள், ஒரே வேகத்தில் போகும்போது வரும் குலுக்கல் எல்லாம் கியர்பாக்ஸும் இல்லை. இந்த என்ஜினில் ஈஜிஆர், அதாவது புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் வழி, கரியால் அடைத்துக்கொள்ளும், அதுவும் இழுத்து இழுத்துப் போவது போல இருக்கும். என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் உடைந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் டங் என்று அடிக்கும். நாலாயிரம் டாலர் தீர்ப்பு எழுதுவதற்கு முன் இதையெல்லாம் ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம், ஆனால் பெட்டி மாற்றுவதில்தான் கடைக்கு வருமானம் என்பதால் நாம் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

எல்லாம் பார்த்தும் பெட்டிதான் போனது என்றால், ரீபில்ட் செய்பவரிடம் விலைக்கு முன் கேட்க வேண்டியவை: கன்வெர்ட்டர் சேர்த்தா, கூலரைக் கழுவுவீர்களா இல்லை புதிதாக மாற்றுவீர்களா, ஐந்து கியர் பெட்டி என்றால் இரண்டாவது கியருக்கான அந்த ஆயில் ஜெட் வைக்கப்படுமா, எந்த ஆயில், வாரண்டி எத்தனை மைல், அதில் இறக்கி ஏற்றும் கூலியும் அடங்குமா. கடைசிக் கேள்வியை விடவே கூடாது. பெட்டி இலவசம், கூலி ஆயிரத்துச் சொச்சம் என்று பிறகு சொன்னால் அது வாரண்டி இல்லை. இதோடு வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் போட்டுக்கொள்வதற்கு நான் முழு ஆதரவு. 3,500 பவுண்டு வரை இழுக்கலாம் என்று சொன்ன ஹோண்டாவே, இழுப்பதானால் கூடுதல் கூலர் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. டிரெய்லர் இல்லாவிட்டால் என்ன, கோயிலுக்குப் போகும் நம் வண்டியின் உள்ளேயே ஒரு டிரெய்லர் பாரம் இருக்கிறது.

காகிதம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். 17 எழுத்து வண்டி எண்ணைக் கொடுத்தால் ரீகால் வேலை பாக்கியா என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ரீகால்களை அது பொதுவாகக் காட்டாது, அதனால் இந்த வண்டிக்கு டீலரிடம் கேட்டுப் பார்ப்பதே நல்லது. வாரண்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே போன அந்தக் காலத்தில், டீலரிடம் சண்டை போடுவதைவிட கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேரே எழுதி, ஆயில் மாற்றிய பில்களையும் முந்தைய மாற்றத்தின் பில்லையும் வைத்து, செலவில் ஒரு பங்கையாவது ஏற்கச் சொல்லிக் கேட்பது பலனளித்திருக்கிறது. பில் இல்லாதவர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

எப்போது விடுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. முதல் பெட்டி போனபோது மாற்றுவது நியாயம். இரண்டாவது போனபோது, கூலரும் கன்வெர்ட்டரும் முன்பு மாற்றப்படவில்லை என்று பில்லில் தெரிந்தால், ஒழுங்காகச் செய்யும் கடையில் இன்னொரு தடவை முயல்வதிலும் அர்த்தம் உண்டு, போனதற்குக் காரணம் கையில் இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்து மூன்றாவதும் போனால், டைமிங் பெல்ட்டும் சறுக்குக் கதவு மோட்டாரும் வரிசையில் நிற்கிற இருபது வருஷ வேனுக்கு இன்னொரு பெட்டி வாங்க மாட்டேன். வண்டியின் குறையைச் சொல்லியே விற்றுவிடுவேன், மறைத்து விற்றால் வாங்குகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போலப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன, விளம்பரத்தில் "டிரான்ஸ்மிஷன் இப்போதுதான் மாற்றியது" என்று கொட்டை எழுத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தால் நான் போன் செய்து கேட்பது, எத்தனையாவது தடவை, பில் இருக்கிறதா, அதில் கன்வெர்ட்டர் என்ற வார்த்தை இருக்கிறதா என்று மட்டும்தான்.